புல்லில் இல்லாதது

முழங்கால் உயரம் புல்.
அதில் நின்றபடியே பட்டினி கிடந்தன
எங்கள் ஆடுகள்.

முதல் வருஷம் வில்மட் அதைச் சோம்பல் என்றான்.
இரண்டாம் வருஷம் குடற்புழு என்றான்.
புகையிலைத் தண்ணீரில் மயில்துத்தம் கரைத்து
ஒவ்வொன்றின் தொண்டையிலும் ஊற்றினோம்.
புழு செத்ததோ என்னவோ,
முப்பத்தொன்றாம் எண் செத்தது.
கிழித்துப் பார்த்தால் இரைப்பையில் புல்,
சற்றுமுன் மேய்ந்ததுபோல் பச்சையாக.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
இங்கே வாய்க்கு எட்டி, வயிற்றுக்கும் எட்டி,
அதற்கப்பால் எங்கோ
ஒரு கதவு சாத்தியிருந்தது.

கண்ணீர் வடியும் அவற்றுக்கு.
உவமை இல்லை. கன்னத்துக் கம்பளி நனைந்து
அழுக்குக் கோடாய் இறங்கும்.
பார்க்க வந்த பாதிரியார்
சாவு வீட்டில் போலத் தொப்பியைக் கழற்றினார்.
நான் கணக்குப் புத்தகத்தில் புதிதாக
ஒரு கட்டம் போட்டு எழுதினேன்:
ஈரக்கண், நாற்பது.

எரிமலை எப்போதோ துப்பிய நுரைக்கல் இந்த நிலம்.
ஒரு பிடி அள்ளி வாளியில் போட்டால் மிதக்கும்.
போரிலிருந்து திரும்பியவர்களுக்கு
அரசாங்கம் இதைப் பங்கிட்டபோது
வரைபடத்தில் எல்லா நிலமும்
ஒரே பச்சையில்தான் இருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பரேகுராவின் மேய்ச்சல்.
"ஓட்டி வா. கம்பளியில் பாதி எனக்கு" என்றாள்.
மூன்று மாதம்.
திரும்பி வந்தவை வேலி தாண்டின,
நாயை முட்டின, வில்மட்டின் முழங்காலையும்.
அதே இனம், அதே மழை, புல்லின் பெயரும் அதே.
"உன் புல்லில் அப்படி என்னதான் இருக்கிறது?"
"தெரிந்தால் அதையும் தனியாக விற்றிருப்பேனே."

பிறகு வந்தது துருமண்.
வடக்கே ஏதோ பள்ளத்திலிருந்து மூட்டை மூட்டையாக.
இரும்பு, என்றார் இலாகாக்காரர்.
வெளிறிய ரத்தத்துக்கு இரும்பு:
யார் மறுப்பார்கள்?
கரண்டி கரண்டியாய்ப் புகட்டினோம்.
உதடு சிவந்து, தாடை சிவந்து,
என் மேலங்கி இனி வெளுக்காது என்று ஆகி,
ஆடுகள் பிழைத்தன.
வில்மட் இரும்புக்கு நன்றி சொல்லி
ஒரு லாடத்தைக் கதவில் அடித்தான்.

அடுத்த ஆண்டு வேறு பள்ளத்து மண்.
விலை குறைவு, சிவப்பு அதிகம், இரும்பும் அதிகம்.
இரும்பு கூடக் கூட
குட்டிகள் குறைந்தன.
பத்தொன்பதைப் புதைத்த கிழமை
நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது:
காப்பாற்றியது இரும்பு அல்ல.
முதல் மூட்டையில் இரும்போடு
அழுக்காக ஒட்டி வந்த இன்னொன்று.
கோபால்ட்.
பீங்கானுக்கு நீலம் தருவது.

அலமாரியைத் திறந்து
கல்யாணத் தட்டின் நீல விளிம்பை
விரலால் சுற்றி வந்தேன்.
வாழாது என்று நாங்களே அறுத்த ஆட்டின் ஈரலை
இதில்தான் பரிமாறியிருந்தேன்.
இல்லாதது ஈரலைச் சுற்றி
வட்டமாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஓர் ஆட்டுக்கு, ஒரு முழு வருஷத்துக்கு
ஒரு கோதுமை மணியின் எடைகூட வேண்டாமாம்.
அதுவும் ஆட்டுக்கென்று இல்லை.
அதன் வயிற்றில் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்கு.
அவை அதை வைத்து எதையோ சமைத்து
ரத்தத்துக்கு அனுப்புகின்றன.
அந்தச் சமையலுக்குப் பெயர் வைக்க
இன்னும் எத்தனையோ வருஷம் ஆயிற்று.
பெயர் தெரியாததால் அவை
அடுப்பை அணைத்துவிடவில்லை.

இப்போது உரத்தோடு கலந்து தூவுகிறோம்,
இளஞ்சிவப்பாய் ஓர் உப்பு.
நீலம் தருவது ஏன் சிவப்பாக இருக்கிறது என்று
நான் கேட்டதற்கு யாரும் பதில் எழுதவில்லை.
லாடத்தை வில்மட் கழற்றவில்லை.
இரும்புக்கும் கொஞ்சம் பங்கிருக்கும் என்கிறான்.
இருக்கட்டும்.

வசந்தத்தில் குட்டிகளை எண்ணும்போது
முகத்தைத் தூக்கிக் கண்ணோரத்தைத்
தடவிப் பார்க்கிறேன். உலர்ந்த கம்பளி.
கணக்கில் அந்தக் கட்டத்துக்கு
இன்றைக்கும் கோடு போடுகிறேன்.
ஒவ்வொரு பக்கத்திலும் காலி.
காகிதம் வீண் என்கிறான் வில்மட்.